முதல் வேலைக்கு என்னென்ன டிரஸ் எடுக்கணும்? கீழ போடுறதுல இருந்து ஆரம்பி கண்ணு

நீ கேட்டதை முதல்ல ஒரு தடவை சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியட்டும். அருப்புக்கோட்டைப் பொண்ணு, காலேஜ் முடிச்சாச்சு, சென்னையில ஓஎம்ஆர் பக்கம் ஐடி கம்பெனில வேலை, அடுத்த மாசம் ஜாயினிங். லேடீஸ் ஹாஸ்டல்ல மூணு பேர் ரூம், பீரோவுல உனக்குன்னு ரெண்டு தட்டு. துணிக்கு வீட்டுல 15,000 ரூபாய் ஒதுக்கியிருக்காங்க. யூட்யூப்ல பாத்தா ஒயிட் ஷர்ட், பிளேசர், ட்ரெஞ்ச் கோட்டுன்னு ஒரு லிஸ்ட் சொல்றாங்க, சீனியர் அக்கா வெஸ்டர்ன்தான் போடணும்ங்கறாங்க, அம்மா அஞ்சாறு சுடிதார் செட்டா எடுத்துக்கோங்கறாங்க, இதுல யார் சொல்றதைக் கேக்கறது. இதுதான கேள்வி.

நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில 19 வருஷமா குவாலிட்டி செக்ஷன்ல இருக்கேன், அதுக்கு முன்னாடி எங்கம்மா கூட உக்காந்து வீட்டு மிஷின்ல ஜாக்கெட் தைச்சவ. பகல் பூரா துணியைத் தொட்டுத் தொட்டுப் பாக்கிறதுதான் வேலை. அதனால தெரிஞ்சதை எல்லாம் சொல்லிடறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படி கண்ணு.

அந்த யூட்யூப் லிஸ்ட்டை முதல்ல ஓரமா வை. கேப்ஸ்யூல் வார்ட்ரோப்னு அவங்க சொல்றது லண்டன்ல துணிக்கடை வெச்சிருந்த சூசி ஃபோங்கற அம்மா 1970கள்ல பிரபலப்படுத்தின விஷயம், அப்புறம் 1985ல நியூயார்க்ல டோனா கரன்ங்கற டிசைனர் ஏழே பீஸை வெச்சு வேலைக்குப் போற பொம்பளை வாரம் பூரா சமாளிக்கலாம்னு காட்டினாங்க. யோசனை அருமையான யோசனை. ஒண்ணோட ஒண்ணு சேர்ற மாதிரி கொஞ்சமா வாங்கு, அவ்வளவுதான் அதோட சாரம். ஆனா அது குளிர் ஊர்ல பொறந்தது, மேல போடுற கோட்டை வாரக்கணக்குல துவைக்காம போட முடியுற ஊரு அது. நீ போறது சென்னை. மே மாசம் காலைல எட்டரை மணிக்கு பஸ் ஸ்டாப்புல பத்து நிமிஷம் நின்னா முதுகு நனைஞ்சு போகும். இங்க ஒரு நாள் போட்ட டாப்பை மறுநாள் எடுத்துப் போட முடியாது. இந்த ஒரு வித்தியாசம் மொத்தக் கணக்கையும் மாத்திடும்.

அதனால எத்தனை துணி வேணும்ங்கறதை கடையில முடிவு பண்ணக்கூடாது, துவைக்கிற கல்லுலதான் முடிவு பண்ணணும். ஹாஸ்டல்ல உனக்கு மிஷின் முறை வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும்னு வெச்சுக்குவோம், ஞாயித்துக்கிழமை. ஆபீஸ் அஞ்சு நாள், சனிக்கிழமை வெளிய போக ஒண்ணு, ஆறு டாப் ஆச்சு. இதுக்கு மேல மழைக்கு ரெண்டு மூணு வேணும், ஏன்னா அக்டோபர் கடைசில இருந்து டிசம்பர் வரைக்கும் சென்னையில துணி காயறது பெரிய பாடு, மொட்டை மாடில போட முடியாது, ரூமுக்குள்ள கயிறு கட்டி ஃபேன் காத்துலதான் காயணும், கெட்டி காட்டன் ரெண்டு நாள் ஆனாலும் இடுப்புப் பக்கம் ஈரமாவே இருக்கும். ஆக ஒம்பது டாப். பேன்ட்டு ரெண்டு தடவை போடலாம், ஜீன்ஸை மூணு நாலு தடவை கூடப் போடலாம், அதனால அஞ்சு பேன்ட் தாராளம். இதுக்கு மேல வாங்கற ஒவ்வொண்ணும் அந்த ரெண்டு தட்டுல அடுத்ததைக் கசக்கிட்டு உக்காந்திருக்கும்.

இப்ப முக்கியமான விஷயம். எல்லாரும் டாப்பைப் பாத்து ஆசைப்பட்டு வாங்கிட்டு அப்புறம் இதுக்கு என்ன பேன்ட் போடறதுன்னு தேடுவாங்க. நீ தலைகீழா பண்ணு. முதல்ல கீழ போடுறதை முடிவு பண்ணு, அதை ரெண்டு மூணு கலருக்குள்ள அடக்கு, அப்புறம் ஒவ்வொரு டாப்பையும் கையில எடுக்கறப்ப இது என்கிட்ட இருக்கற பேன்ட்ல குறைஞ்சது மூணுக்கு சேருமான்னு கேளு. மூணுக்கு சேந்தா எடு, ஒண்ணுக்குதான் சேரும்னா எவ்வளவு அழகா இருந்தாலும் திரும்ப வெச்சுடு. மனசு கேக்காதுதான், எனக்கும் கேக்காது, ஆனா பீரோவுல போடாம கிடக்கிற துணி பூராவும் இப்படி ஒண்ணுக்கு மட்டும் சேர்ற துணிதான், உங்கக்கா பீரோவைத் திறந்து பாரு தெரியும்.

எங்க செக்கிங் செக்ஷன்ல ஒரு அக்கா இருந்தாங்க, ஊத்துக்குளி பக்கம் இருந்து ரயில்ல வருவாங்க. வீட்டுக்காரர் இல்ல, ரெண்டு புள்ளைங்க, சம்பளம் அப்ப வாரக்கூலி. அவங்ககிட்ட இருந்தது மொத்தமே ரெண்டு கறுப்பு பேன்ட், ஒரு சந்தன கலர் பேன்ட், நாலு டாப், ரெண்டு ஷால். நாலு டாப்பும் தனித்தனியா எடுத்தது, ஆனா அரக்கு, மயில்நீலம், வெந்தயக் கலர், பச்சைல சின்னக்கட்டம், எதை எதோட போட்டாலும் உறுத்தாது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மொத்தத்தையும் அயர்ன் பண்ணி ஷாலை மட்டும் நீளமா மடிச்சு ஹேங்கர்ல தொங்க விட்டுடுவாங்களாம். மொத்த ஃப்ளோர்லயும் அவங்கதான் நிறைய டிரஸ் வெச்சிருக்காங்கன்னு நாங்க எல்லாரும் நெனச்சிட்டிருந்தோம், ஒரு நாள் டீ டைம்ல அவங்களே சொன்னப்பதான் தெரியும். அன்னைக்கு எனக்குப் பட்டதுதான் நான் இப்ப உனக்கு சொல்றது.

அம்மா செட்டா எடுக்கச் சொல்றாங்கன்னு சொன்ன. அம்மா சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு, மேட்சிங் தேட வேண்டாம், காலைல யோசிக்க வேண்டாம். ஆனா செட்டா வாங்கினா செட்டோட போகும் கண்ணு. பூப்போட்ட டாப், அதே பூப்போட்ட பேன்ட், அதே பார்டர்ல ஷால்னு எடுத்தா பேன்ட் ஒரு ஷேடு வெளுத்ததும் மூணும் சேந்து வெளிய போட முடியாம ஆகும், வேற எதோடயும் சேராது. அம்மாவுக்காக ஒரே ஒரு செட் எடுத்துக்கோ, அதுலயும் பேன்ட் பிளெயினா இருக்கட்டும், ஷால் தனியா வேற டாப்புக்கும் போடற மாதிரி இருக்கட்டும். ஒண்ணு பூரா டிசைன்னா இன்னொண்ணு பிளெயின், இதை மட்டும் பிடிச்சுக்கோ.

கலர் பத்தி. கறுப்பு, நேவி ப்ளூ, சந்தனம் இந்த மூணுல பேன்ட்டை முடிச்சுடு. தூய வெள்ளை பேன்ட் வேண்டாம், பஸ்ஸுல போறவளுக்கு அது ஒத்து வராது, ஹாஸ்டல் தண்ணி உப்புத் தண்ணியா இருந்தா ஆறே மாசத்துல பழுப்பேறிடும். டாப்புக்கு நம்ம ஊரு கலரு போதும் போதும்ங்கற அளவுக்கு இருக்கு, அரக்கு, மயில் கழுத்து, எம்எஸ் ப்ளூ, ராமர் பச்சை, மாம்பழ மஞ்சள், கத்திரிப்பூ, வெங்காயத்தோல். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இது எல்லாமே அள்ளிட்டுப் போகும், லைட் கலர்தான் எடுப்பா காட்டும்னு கடையில சொல்றதை நம்பாத. கடைக்காரப் பையன் எடுத்துப்போடற பேபி பிங்க்ல நிறைய பொண்ணுங்க வாடிப்போய் தெரியறதைப் பாத்திருக்கேன்.

கலரைக் கடை லைட்டுல பாத்து முடிவு பண்ணிடாத. எங்க கம்பெனில கலர் அப்ரூவலுக்கு ஒரு பெட்டி இருக்கும், உள்ள டி65ன்னு பகல் வெளிச்சத்துக்கு ஒரு லைட், டிஎல்84ன்னு கடை வெளிச்சத்துக்கு ஒரு லைட், ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாப்போம். ஒரு லைட்டுல ஒண்ணா தெரியற ரெண்டு துணி அடுத்த லைட்டுல அண்ணன் தம்பி மாதிரி கூட இருக்காது, வேற வேற குடும்பம் ஆயிடும். குறிப்பா நேவி, கறுப்பு, காபி கலர் இந்த மூணும் ஏமாத்தும். அதனால மேட்சிங் பாக்கறப்ப துணியைக் கையில எடுத்துட்டு வாசல் பக்கம் வந்து ரோட்டு வெளிச்சத்துல பாரு, கடைக்காரங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்க, கேட்டுட்டு எடுத்துட்டு வா.

துணி ரகம். சென்னைக்கு காட்டன், ரேயான், இல்ல ரெண்டும் கலந்தது. பாலியெஸ்டர் ஜார்ஜெட், கிரேப்னு பளபளன்னு தொங்கற டாப் எல்லாம் ஏசி கடைக்குள்ள ஜில்லுன்னு இருக்கும், வெளிய வந்தா வேர்வையை உறிஞ்சாது, கையிடுக்குல வாசம் புடிச்சா எத்தனை தடவை துவைச்சாலும் போகாது. காட்டன்னு சொல்லி பாலி மிக்ஸ் குடுக்கறாங்களான்னு சந்தேகம் இருந்தா வீட்டுக்கு வந்து உள்தையல்ல இருந்து ரெண்டு நூலை உருவி தீக்குச்சில காட்டு (கேஸ் அடுப்புக்கிட்ட பண்ணாத, வாசல்ல வெச்சுப் பண்ணு). காட்டனும் ரேயானும் காகிதம் எரியற வாசத்தோட எரிஞ்சு சாம்பல் தொட்டா உதிரும். பாலியெஸ்டர் உருகி நுனியில கறுப்பா மணி மாதிரி கெட்டியாகும். பட்டுன்னா முடி கருகின வாசம். தைச்ச நூல் பெரும்பாலும் பாலியெஸ்டரா இருக்கும்ங்கறதையும் மனசுல வெச்சுக்கோ, துணியோட இழையைத்தான் எடுக்கணும், தைச்ச நூலை இல்ல.

ரேயான் நல்ல துணிதான், மரக்கூழ்ல இருந்து வர்றது, மெத்துன்னு விழும். ஆனா ரெண்டு குணம் தெரிஞ்சுக்கோ. நனைஞ்சா பலம் போயிடும், அதனால முறுக்கிப் பிழியக்கூடாது. அடுத்தது சுருங்கும். இதுல நானே அடிபட்டவ. ஒரு ஆடித் தள்ளுபடில ஒரு பெரிய கடையில ஆறு ரேயான் குர்த்தி ஒரே நாள்ல எடுத்தேன், விலையைப் பாத்த சந்தோஷத்துல துணியைப் பாக்கல, முட்டிக்குக் கீழ வந்த டாப் முதல் துவைப்புலயே முட்டிக்கு மேல ஏறிடுச்சு, ஆறும். திருப்பிக் கொண்டுபோனா துவைச்சதை எடுக்க மாட்டோம்னுட்டாங்க. எங்க கம்பெனில துணில கட்டம் வரைஞ்சு துவைச்சு மறுபடி அளந்து பாப்போம், பின்னல் துணிக்கு பொதுவா 5 சதவீதம் வரைக்கும் விடுவோம். அந்த 5 சதவீதத்தையே 44 இன்ச் டாப்புக்கு கணக்குப் போடு, ரெண்டேகால் இன்ச் கிட்ட வருது. சரியா வாஷ் பண்ணாம வர்ற ரேயான் இன்னும் அதிகமா போகும். அதனால ரேயான் எடுத்தா உனக்குத் தேவையான நீளத்தைவிட ரெண்டு இன்ச் இறங்கின டாப்பா எடு.

இனி கடையில துணியைக் கையில எடுத்தா என்ன பண்ணணும்னு நான் பண்ற மாதிரியே சொல்றேன். முதல்ல விலைச் சீட்டைப் பாக்காத, உள்பக்கம் திருப்பு. துணி ஓரம் பிரியாம இருக்க அடிக்கற ஓவர்லாக் தையல் ஒழுங்கா இருக்கா, நூல் தொங்குதா, உள்தையல் எவ்வளவு விட்டிருக்காங்க. முக்கால் இன்ச் விட்டிருந்தா பின்னால உடம்பு போட்டாலும் பிரிச்சுவிட்டுக்கலாம், கால் இன்ச்சுல வெட்டி ஓவர்லாக் அடிச்சிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. அப்புறம் தோள்பட்டைத் தையலை ரெண்டு பக்கமும் பிடிச்சு லேசா இழு, தையலுக்கு நடுவுல பல்லு பல்லா வெளிச்சம் தெரிஞ்சா அது நாலு மாசம் தாங்காது. சைடு ஓபன் ஆரம்பிக்கற இடத்துல குறுக்க சின்னதா ஒரு கெட்டித் தையல் இருக்கணும், அது இல்லாத குர்த்தி பஸ் ஏறுறப்ப கிழியறது அந்த இடத்துலதான். துணியை உள்ளங்கையில பத்து எண்ணற வரைக்கும் கசக்கிப் புடிச்சு விடு, மடிப்பு அப்படியே நின்னா தினமும் அயர்ன் பண்ணியாகணும்னு அர்த்தம், ஹாஸ்டல்ல அதுக்கு நேரம் கிடைக்காது. வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப்பாரு, விரல் தெரிஞ்சா உள்ள லைனிங் வேணும். கடைசியா கர்ச்சீப்போட ஒரு மூலையை வாட்டர் பாட்டில் தண்ணில நனைச்சு துணியோட உள்பக்கத்துல நாலு தேய் தேய். கர்ச்சீப்புல கலர் ஏறினா அது உன் மத்த துணி மேலயும் ஏறும். சிவப்பு, கறுப்பு, இன்டிகோ மூணுக்கும் இதைக் கண்டிப்பா பண்ணு.

சாயம் போகாம இருக்க கல்லுப்பு போட்டு ஊற வைன்னு பாட்டி காலத்துல இருந்து சொல்லிட்டு வர்றாங்க. சாயப்பட்டறையில உப்பு போடறது உண்மைதான், சாயம் தண்ணியை விட்டு துணிகிட்ட போறதுக்கு, ஆனா அதைப் பிடிச்சு நிக்க வைக்கறது சோடா, அதுக்கப்புறம் ஒட்டாத மிச்ச சாயத்தை சோப்புப் போட்டு அலசி எடுக்கணும். அந்த அலசலைக் குறைச்ச பட்டறைத் துணிதான் உன் பக்கெட்ல கலர் விடும், வீட்டுல எத்தனை உப்பு போட்டாலும் அது நிக்காது. முதல் மூணு தடவை தனியா துவை, அது ஒண்ணுதான் வழி. இதைச் சொல்றப்ப இன்னொண்ணும் சொல்லிடறேன். இந்த சாயம் எல்லாம் எங்க ஊரு நொய்யல்ல ஓடினதை நான் கண்ணால பாத்திருக்கேன், 2011ல ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டப்ப ஊரே வேலை இல்லாம நின்னுச்சு, அப்புறம் ஒரு சொட்டு கழிவுநீர் வெளிய விடக்கூடாதுன்னு சுத்திகரிப்பு பண்ணித்தான் நடத்தறாங்க. ஒரு டாப்புக்குப் பின்னால அவ்வளவு இருக்கு. தேவையில்லாம எடுக்காதன்னு நான் சொல்றது பணத்துக்காக மட்டும் இல்ல.

டீஷர்ட், லெக்கின்ஸுக்கு ஒரே ஒரு வார்த்தை தெரிஞ்சா போதும், ஜிஎஸ்எம். நூறு சதுர சென்டிமீட்டர்ல வட்டமா வெட்டி எடை போட்டு நூறால பெருக்கினா வர்றது, துணியோட கனம். சென்னைக்கு டீஷர்ட் 160ல இருந்து 180 போதும், 220ன்னு பெருமையா எழுதியிருக்கறது வெயிலுக்கு ஆகாது. லெக்கின்ஸுக்கு நேர் எதிர், 200க்கு மேல இருக்கணும், காட்டன் 95 லைக்ரா 5ன்னு லேபிள்ல பாரு, மெலிசா இருந்தா உக்காந்து எந்திரிச்சா உள்ள தெரியும். டீஷர்ட்டை மடிச்ச வாக்குல பிடிச்சுப்பாரு, சைடு தையல் கோணலா முன்பக்கம் திரும்பி வந்திருந்தா துவைக்கத் துவைக்க இன்னும் முறுக்கிட்டுப் போகும், அதை எடுக்காத. எனக்கு லெக்கின்ஸைவிட ஸ்ட்ரெய்ட் பேன்ட்தான் பிடிக்கும், காத்து போகும், குர்த்திக்கும் சேரும் ஷர்ட்டுக்கும் சேரும். லெக்கின்ஸ் ஒண்ணு போதும்.

வெஸ்டர்னா நம்ம ஊரு டிரஸ்ஸான்னு சண்டையே வேண்டாம். ஆபர் லெட்டரோட வர்ற பேப்பர்ல பிசினஸ் கேஷுவல்னு, அதாவது ரொம்ப ஃபார்மலாவும் இல்லாம ரொம்ப சாதாரணமாவும் இல்லாமன்னு போட்டிருந்தா அதுல குர்த்தியும் அடங்கும், ஓஎம்ஆர்ல லிஃப்ட்ல நின்னு பாத்தேன்னா பாதிப் பேர் குர்த்தி ஸ்ட்ரெய்ட் பேன்ட்தான். கிளையன்ட் வர்ற நாளைக்கு ரெண்டு ஷர்ட் வெச்சுக்கோ, ஒண்ணு வெள்ளைக்கு பதிலா வெளிர் நீலம், இன்னொண்ணு பிளெயின் அரக்கோ பச்சையோ. பிளேசர் வேண்டாம். ஆனா உள்ள ஏசி 22ல வெச்சு நடுக்கிடும், அதுக்கு ஒரு கெட்டி காட்டன் ஷால் இல்ல டாப்புக்கு மேல போட்டுக்கற பட்டன் வெச்ச ஷ்ரக், கறுப்புல ஒண்ணு எடுத்து ஆபீஸ் சேர்லயே போட்டு வெச்சுடு. வெளிய 38 உள்ள 22ன்னு நாளைக்கு நாலு தடவை போய் வர்ற உடம்புக்கு அதுதான் பிளேசர்.

இப்ப பணம். கணக்கு என்னோட உத்தேசம்தான், கடைக்குக் கடை கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். பேன்ட் அஞ்சு, கறுப்பு ஸ்ட்ரெய்ட் 700, நேவி ஆபீஸ் பேன்ட் 900, கிழிசல் இல்லாத அடர் நீல ஜீன்ஸ் 1,200, சந்தன காட்டன் பேன்ட் 500, லெக்கின்ஸ் 400, மொத்தம் 3,700. டாப் ஒம்பது, அஞ்சு குர்த்தி 750 வீதம் 3,750, ரெண்டு ஷர்ட் 1,600, ரெண்டு டீஷர்ட் 700, அது 6,050. ஷால் ரெண்டு 600. உள்ளாடைக்கு 1,500 தனியா ஒதுக்கு, இதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாத, சைஸ் சரியில்லாத உள்ளாடை மேல போடற 1,000 ரூபாய் டாப்பையும் கெடுத்துடும், நாள் பூரா உடம்பையும் படுத்தும். கறுப்பு சாண்டல்ஸ் ஒண்ணு 1,200. பிளவுஸ் ஒண்ணு தைக்க 700. கூட்டினா 13,750. மிச்சம் 1,250 ஆல்ட்ரேஷனுக்கும் ஷ்ரக்குக்கும்.

ஆனா இதை மொத்தமா ஊர்லயே வாங்கிட்டுப் போகாத. மூணு பேன்ட், அஞ்சு டாப், உள்ளாடை, செருப்பு, இவ்வளவோட போ. முதல் மாசம் அந்த ஆபீஸ்ல என்ன போடறாங்க, ஹாஸ்டல்ல எப்படி துவைக்கறாங்க, நீ எவ்வளவு நடக்கற, எதை அடிக்கடி கை எடுக்குதுன்னு பாத்துட்டு மிச்சத்தை வாங்கு. போட்டோ எடுத்து வெச்சுக்கோ, பேன்ட் அஞ்சையும் போன்ல ஒரே ஆல்பத்துல, கடையில நின்னு இது சேருமான்னு பாக்க வசதியா இருக்கும். விலையைப் பாக்கறப்பவும் சீட்டுல போட்டிருக்கறதைப் பாக்காம ஒரு தடவை போட எவ்வளவு ஆகுதுன்னு பாரு, 300 ரூபாய் டாப் அஞ்சு தடவைல நைஞ்சு போனா ஒரு தடவைக்கு 60, 900 ரூபாய் டாப்பை அறுபது தடவை போட்டா 15. 2025 செப்டம்பர் 22ல இருந்து ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரைக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினா 18, நீ வாங்கப்போற எதுவும் அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டியதே இல்ல.

எங்க வாங்கறதுன்னா, பின்னல் துணி எல்லாம் திருப்பூர்ப் பக்கம் யாராவது வந்தா காதர்பேட்டையில எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதில மிஞ்சின துணி, எடுத்துட்டு வரச்சொல்லு, ஆனா ஒவ்வொரு பீஸையும் விரிச்சுப் பாத்துதான் எடுக்கணும், ஓட்டை, கறை, சைஸ் மாத்தம் இருக்கும், அதுக்குதான் அந்த விலை. சென்னையில ரங்கநாதன் தெருவுல விலை இருக்கும் ஆனா கூட்டத்துல உள்பக்கம் திருப்பிப் பாக்க விடாது, வார நாள் காலைல கடை திறந்ததும் போ. ஆடித் தள்ளுபடிக்கு லிஸ்ட்டோட போ, லிஸ்ட் இல்லாமப் போனா என் ஆறு குர்த்தி கதைதான். ஆன்லைன்ல வாங்கினா உன்கிட்ட நல்லா பொருந்தற டாப் ஒண்ணை தரையில விரிச்சு மார்பு, நீளம், தோள் மூணையும் டேப்ல அளந்து எழுதி வெச்சுக்கிட்டு அந்த அளவோட ஒப்பிடு, எம், எல்னு போட்டிருக்கறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

கடைசியா சேலை, நீ கேக்கவே இல்ல, ஆனா அருப்புக்கோட்டைப் பொண்ணுகிட்ட சொல்லாம விட மனசு வரல. உங்க ஊரே தறி ஊரு. அம்மாகிட்ட இருக்கற காட்டன் சேலைல ரெண்டு, கல்யாணத்துக்கு ஒரு பட்டு, மூணையும் கேட்டு வாங்கிட்டுப் போ. ஆபீஸ்ல பொங்கல், ஓணம், ஆயுத பூஜைன்னு வருஷத்துக்கு நாலஞ்சு தடவை சேலை நாள் வந்துடும், அப்ப அவசரத்துக்கு ஓடிப்போய் 2,000 ரூபாய்க்கு பாலியெஸ்டர்ல பட்டு மாதிரி ஒண்ணு வாங்குவ, வேண்டாம். பின்னால சொந்தமா எடுக்கணும்னா கோ-ஆப்டெக்ஸ் போ, 1935ல நெசவாளர்களுக்காக ஆரம்பிச்சது, தீபாவளி சீசன்ல 30 சதவீதம் தள்ளுபடி தருவாங்க, சுங்குடி, கண்டாங்கி, கோவை கோரா எல்லாம் ஒரே இடத்துல பாக்கலாம். சுங்குடி காட்டன் எடை இல்லாம இருக்கும், ஹாஸ்டல்ல தனியா கட்டப் பழகறவளுக்கு கொசுவம் கையில நிக்கும், பட்டு மாதிரி வழுக்காது.

மூணு சேலைக்கு மூணு பிளவுஸ் வேண்டாம். மூணுலயும் பொதுவா இருக்கற ஒரு கலரைக் கண்டுபிடி, பார்டர்ல இருக்கலாம், முந்தானைல ஒரு கோடா இருக்கலாம், அந்தக் கலர்ல டூ பை டூங்கற பிளவுஸ் துணி ஒரு மீட்டர் எடுத்து ஒண்ணு தைச்சா மூணுக்கும் போகும். எதுவும் ஒத்து வரலைன்னா கறுப்பு இல்ல அரக்கு. லைனிங் துணியை மட்டும் தைக்கக் குடுக்கறதுக்கு முன்னாடி ராத்திரி பூரா தண்ணில ஊற வெச்சு காயப்போட்டுக் குடு, இதை விட்டா முதல் துவைப்புல லைனிங் உள்ள சுருங்கி மேல் துணி சுருக்கம் சுருக்கமா உப்பிக்கும், நல்ல டெய்லர் தைச்ச ஜாக்கெட்டே அப்படி வீணாப் போனதைப் பாத்திருக்கேன். உள்தையல் ரெண்டு பக்கமும் ஒரு இன்ச் விடச் சொல்லு. இதை ஊர்லயே உங்கம்மாவோட டெய்லர்கிட்ட குடுத்து தைச்சுக்கோ, சென்னையில தீபாவளிக்கு மூணு வாரம் முன்னாடியே இனி தைக்க எடுக்கறதில்லன்னு டெய்லருங்க போர்டு மாட்டிடுவாங்க. சரியா பொருந்தற அளவு ஜாக்கெட் ஒண்ணை பெட்டியில அடியில வெச்சு எடுத்துட்டுப் போ, புது டெய்லர்கிட்ட டேப் புடிச்சு அளவு குடுக்கறதைவிட அதைக் குடுக்கறதுதான் சரியா வரும்.